மூன்றாம் எண் சட்டைக்கு விழுந்த விசில்

2009 மே 24, ஞாயிற்றுக்கிழமை. மிலான் நகரின் சான் சீரோ அரங்கில் ஏசி மிலான் கால்பந்து அணி ரோமாவிடம் 2–3 என்று தோற்றது. ரோமாவின் வெற்றி கோலை அடித்தவர் பிரான்செஸ்கோ டோட்டி. ஆனால் அன்று வந்த கூட்டத்தில் ஸ்கோருக்காக வந்தவர்கள் குறைவு. 25 சீசன்களாக அதே சிவப்பு கறுப்புக் கோடு போட்ட சட்டையை மட்டுமே அணிந்த தடுப்பாட்டக்காரர், மூன்றாம் எண் கேப்டன் பாவ்லோ மால்தீனி, சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டம் அது. 41 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெறத் தொடங்கினார். மூன்று பக்கமும் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பலர் அழுதார்கள். நான்காவது பக்கம், தெற்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் ‘கூர்வா சூத்’ என்ற வளைவு மேடை. அணியின் தீவிர ரசிகர் குழுக்கள் உட்காரும் இடம் அது. அங்கிருந்து விசில் கிளம்பியது. நம் ஊரில் விசில் என்றால் கொண்டாட்டம். தியேட்டரில் நாயகன் முகம் காட்டும்போது அடிப்பது. இத்தாலியில் அதற்கு நேர்மாறான பொருள். அங்கே விசில் என்பது வசை.

விசிலோடு பதாகைகளும் விரிந்தன. களத்தில் நீ எல்லையற்ற சாம்பியன், ஆனால் உன்னைச் செல்வந்தனாக்கியவர்களை மதிக்கத் தவறினாய் என்ற பொருளில் ஒன்று. நீ கூலிகள், பிச்சைக்காரர்கள் என்று அழைத்தவர்களின் நன்றி என்று இன்னொன்று. அதோடு, அவருக்கு முன் கேப்டனாக இருந்த பிராங்கோ பரேசியின் ஆறாம் எண் சட்டையைப் பெரிய துணியாக விரித்துக் காட்டி, கேப்டன் ஒருவர்தான் என்று முழங்கினார்கள். விடைபெறும் மனிதரின் முகத்துக்கு நேரே, நீ அல்ல, உனக்கு முன்னால் இருந்தவர்தான் என்று சொன்னார்கள்.

ஐந்து முறை ஐரோப்பாவின் உச்சக் கோப்பையையும் ஏழு முறை இத்தாலிய லீக் பட்டத்தையும் அந்த அணிக்கு வென்று தந்தவர்களில் ஒருவர். 902 ஆட்டங்கள். எந்தக் காலத்திலும் வேறு கிளப்புக்குப் போகாதவர். அப்படிப்பட்டவருக்குச் சொந்த வீட்டிலேயே இது ஏன் நேர்ந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், தடுப்பாட்டக்காரர் ஒருவரின் புகழ் எதனால் ஆனது என்பது தெரியவருகிறது. எனக்குத் தெரிந்து கால்பந்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

முதலில் தடுப்பாட்டக்காரரின் பொதுவான தலைவிதி. கோல் அடித்தவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். கோலைத் தடுத்தவர் பெயர் வராது; தடுக்கத் தவறினால் வரும். நடக்காமல் போன ஒன்றைப் படம் எடுத்துக் காட்ட முடியாது என்பதுதான் சிக்கல். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1956 முதல் வழங்கப்படும் பலோன் தோர் விருதை ஆண்களில் வென்ற தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: 1972, 1976 ஆண்டுகளில் பெக்கன்பவர், 1996இல் மத்தியாஸ் சம்மர், 2006இல் ஃபாபியோ கன்னவாரோ. முதல் இருவரும் பின்களத்திலிருந்து பந்தோடு முன்னேறி ஆட்டத்தையே நடத்தியவர்கள். தடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டு வென்றவர் கன்னவாரோ ஒருவர்தான். அதற்கும் உலகக் கோப்பையைக் கையில் ஏந்த வேண்டியிருந்தது. மால்தீனி 1994இலும் 2003இலும் மூன்றாம் இடம் வந்தார். அதற்கு மேல் போகவில்லை.

பெயரோடு வந்த பாரம்

அவருடைய அப்பா செசாரே மால்தீனி. திரியெஸ்தே நகரத்துக்காரர், மிலானின் பின்கள வீரர், பிறகு கேப்டன். 1963 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2–1 என்று வென்று, இத்தாலிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்த அணியின் தலைவர் அவர்தான். அழகாக ஆடுவார், ஆனால் அந்த அழகில் சில சமயம் அலட்சியம் கலந்துவிடும். கோல் வாசலில் நிதானமாகப் பந்தை வைத்துக்கொண்டு எதிராளியிடம் பறிகொடுத்துவிடுவார். இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் அதற்கென்றே ‘மால்தினாத்தே’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். மால்தீனித்தனங்கள் என்று சொல்லலாம். குடும்பப் பெயரே ஒரு பிழையின் பெயராக அகராதியில் ஏறிய வீட்டில் பிறந்தவர் பாவ்லோ. ஒரு தலைமுறை கழித்து அதே பெயர் பிழையின்மைக்கு அடையாளமானது. மகன் தந்தைக்கு ஆற்றும் உதவி என்று நாம் பள்ளியில் படித்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1985 ஜனவரி 20. வடகிழக்கு இத்தாலியில் உதினே நகரம். இத்தாலியை உறைய வைத்த குளிர்காலம் அது. இடைவேளையில் செர்ஜியோ பத்திஸ்தீனிக்குப் பதிலாக ஒரு 16 வயதுப் பையனைப் பயிற்சியாளர் நில்ஸ் லீத்ஹோல்ம் களத்தில் இறக்கினார். லீத்ஹோல்ம் வெளியாள் அல்லர். செசாரேயோடு அதே அணியில் ஆடியவர், செசாரேவுக்கு முந்தைய கேப்டன். ஆட்டம் 1–1 என்று முடிந்தது. அந்த சீசனில் பையனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாய்ப்புதான். அப்பாவின் செல்வாக்கில் வந்தவன் என்ற முணுமுணுப்பு எழுவது இயற்கை. அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த சீசனிலிருந்து அணியில் நிலையான இடம் பிடித்தார். அந்த இடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலியாகவில்லை.

அன்றைய மிலான் இன்று நாம் நினைக்கும் மிலான் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழலில் சிக்கி 1980இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டு, மேலே வந்து, 1982இல் ஆடத் தெரியாமல் மறுபடியும் இறங்கிய அணி. சில்வியோ பெர்லுஸ்கோனியின் பணம் 1986இல்தான் வந்தது. ஆகவே செல்வத்தைத் தேடி வந்து சேர்ந்தவர் என்று பாவ்லோவைச் சொல்ல முடியாது. அவர் வந்தபோது வீட்டில் கடன்தான் இருந்தது.

தடுக்கும் கலை

அவர் வலதுகாலர். ஆடியதோ இடது பின்களத்தில். இடதுகாலை அவ்வளவு பழக்கியிருந்ததால், பிறவி இடதுகாலர் என்றே பலர் நினைத்தார்கள். இதில் ஒரு நடைமுறை லாபம் இருந்தது. அவரை எதிர்கொள்ளும் வலது ஓர ஆட்டக்காரர் உள்ளே வெட்டித் திரும்பினால் மால்தீனியின் வலுவான காலில் போய் மாட்டுவார். வெளியே கோட்டோரம் ஓடினால் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

பழைய ஒளிப்பதிவு ஏதாவது ஒன்றை எடுத்து, பந்தைப் பார்க்காமல் மூன்றாம் எண்ணை மட்டும் பாருங்கள். எதிராளி பந்தோடு நேராக வருகிறார். மால்தீனி அவரை நோக்கிப் பாய்வதில்லை. உடம்பை அரைப்பக்கமாகத் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரு பக்கத்தை வேண்டுமென்றே திறந்து வைக்கிறார். எதிராளிக்கு வழி கிடைத்துவிட்டதுபோல் தோன்றுகிறது; அந்தப் பக்கமே போகிறார். போகப் போக எல்லைக்கோடு நெருங்குகிறது, கால் வைக்க இடமில்லை, பந்து ஒரு முழம் கூடுதலாகத் தள்ளிப் போகிறது. அந்த ஒரு முழம் போதும். உடம்பை இருவருக்கும் நடுவில் நுழைத்துப் பந்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார். மோதல் இல்லை, விழுந்தவர் இல்லை, நடுவரின் ஊதலும் இல்லை. பார்வையாளர்களுக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். காலை நீட்டிச் சறுக்க வேண்டி வந்தால் அதற்கு முன்பே தவறு செய்துவிட்டேன் என்று பொருள் என்ற ஒரு கூற்று அவர் பெயரில் வழங்கிவருகிறது. அவருடைய ஆட்டத்தை அது அப்படியே சொல்கிறது. சறுக்கவும் அவருக்குத் தெரியும்; இறங்கினால் பந்து காலில் ஒட்டிக்கொண்டே எழுந்திருக்கும்.

இது தனி ஒருவரின் திறமை மட்டும் அல்ல. 1987இல் வந்த பயிற்சியாளர் அரிகோ சாக்கி, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடும் பழைய இத்தாலிய முறையை விட்டொழித்தார். நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். வலப்பக்கம் மவ்ரோ தஸ்ஸோத்தி, நடுவில் பரேசியும் அலெஸ்ஸாந்த்ரோ கோஸ்தகூர்த்தாவும், இடப்பக்கம் மால்தீனி. தன் முறையின் மேல் நட்சத்திரங்களுக்குச் சந்தேகம் வந்தபோது சாக்கி ஒரு பந்தயம் வைத்த கதை பிரசித்தம். கோல்கீப்பர் ஜியோவன்னி கல்லியும் இந்த நால்வரும் ஒரு பக்கம். குல்லிட், வான் பாஸ்தன், ரைகார்டு உட்படப் பத்துப் பேர் மறுபக்கம். கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் அடித்துக் காட்டுங்கள் என்றார். எத்தனையோ முறை நடத்தியும் பத்துப் பேரால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை என்று சாக்கியே சொல்லியிருக்கிறார். 1989இல் ஸ்டீவாவா புகாரெஸ்டை 4–0 என்றும் 1990இல் பென்ஃபிகாவை 1–0 என்றும் இறுதியாட்டங்களில் வென்று, அடுத்தடுத்த ஐரோப்பியக் கோப்பைகளை எடுத்தது இந்த அணி. பிறகு ஃபாபியோ கப்பெல்லோவின் பொறுப்பில், 1991 முதல் 1993 வரை லீக்கில் 58 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணவில்லை. 1993–94 லீக் சீசனில் 34 ஆட்டங்களில் மிலான் அடித்தது வெறும் 36 கோல், வாங்கியது 15. அப்படியும் பட்டம் அவர்களுக்குத்தான். அந்தப் பட்டம் தடுப்பாட்டக்காரர்கள் வென்ற பட்டம்.

1994ஆம் ஆண்டைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மே 18, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பையின் புதிய பெயர்) இறுதியாட்டம், எதிரே பார்சிலோனா. மிலானின் நடுப் பின்களத் தூண்கள் பரேசி, கோஸ்தகூர்த்தா இருவருக்கும் தடை. இடது ஓரத்திலிருந்த மால்தீனியை நடுவுக்கு இழுத்து, ஃபிலிப்போ கல்லியைப் பக்கத்தில் நிறுத்தினார் கப்பெல்லோ. எதிரில் ரொமாரியோவும் ஸ்டொய்ச்கோவும். முடிவு மிலானுக்கு 4–0. இரண்டு மாதம் கழித்து ஜூலை 17, அமெரிக்காவின் பசடீனா. உலகக் கோப்பை இறுதியாட்டம். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரமே ஆன பரேசி திரும்பி வந்திருந்தார். கோஸ்தகூர்த்தாவுக்கு மறுபடியும் தடை. மால்தீனி மறுபடியும் நடுவில். எதிரில் மறுபடியும் ரொமாரியோ, இந்த முறை பிரேசில் சட்டையில். 120 நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டியில் இத்தாலி தோற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டின் இரண்டு பெரிய இறுதியாட்டங்கள், மொத்தம் 210 நிமிடம், தன் வழக்கமான இடம் அல்லாத இடத்தில் நின்று, உலகின் கூர்மையான முன்கள வீரருக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காத பின்களத்தில் இருந்தார் மால்தீனி. அந்த ஆண்டின் பலோன் தோர் விருது ஸ்டொய்ச்கோவுக்குப் போனது. ஏதென்ஸில் அவர் இருந்த அணிதான் 0–4 என்று தோற்றது. உலகக் கோப்பை அரையிறுதியில் அவருடைய பல்கேரியாவை வென்றதும் இத்தாலிதான். ஸ்டொய்ச்கோவ் மாபெரும் ஆட்டக்காரர், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் விருதுகளின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ‘வேர்ல்டு சாக்கர்’ இதழ் மட்டும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக மால்தீனியைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் தடுப்பாட்டக்காரர் அவர்.

புகழ் வந்த வழி

அவருடைய நீல விழிகளுக்கும் நீண்ட கேசத்துக்கும் அந்தப் புகழில் பங்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இத்தாலிய லீக்தான் உலகிலேயே பெரிய லீக். அதன் சுவரொட்டிகளில் அவர் முகம் இருந்தது. ஆனால் முகம் கொண்டுவரும் புகழ் நான்கைந்து ஆண்டுகளில் வடிந்துவிடும். இவர் விஷயத்தில் வடியாததற்குக் காரணம், அணி கீழே இறங்கியபோதும் அவர் அங்கேயே நின்றதுதான்.

1996–97 சீசனில் நடப்புச் சாம்பியனாக இறங்கிய மிலான் 11ஆம் இடத்தில் முடித்தது. அந்த ஏப்ரலில் சான் சீரோவிலேயே யுவென்டஸ் 6–1 என்று நொறுக்கிவிட்டுப் போனது. பரேசி ஓய்வு பெற்றார், ஆறாம் எண் அவரோடு நிறுத்தப்பட்டது, கேப்டன் பட்டை மால்தீனியின் கைக்கு வந்தது. அடுத்த சீசனிலும் 10ஆம் இடம்தான். கோப்பைகள் குவிந்த நாள்களைவிட இந்த இரண்டு ஆண்டுகளே அவருடைய கேப்டன் தகுதியைத் தீர்மானித்தன என்று நான் நினைக்கிறேன். 1999இல் மறுபடியும் லீக் பட்டம் வந்தது.

தேசிய அணியில் வேறு கதை. 126 ஆட்டங்கள், அதில் 74 கேப்டனாக. நான்கு உலகக் கோப்பைகள். கையில் ஒரு கோப்பையும் இல்லை. 1990இல் சொந்த மண்ணில் அரையிறுதியில் பெனால்டி, 1994 இறுதியாட்டத்தில் பெனால்டி, அப்பா செசாரே பயிற்சியாளராக இருந்த 1998இல் பிரான்ஸிடம் பெனால்டி. 2000ஆம் ஆண்டு யூரோ என்னும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பை இறுதியாட்டத்தில் கடைசி விநாடிகளில் பிரான்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் ‘கோல்டன் கோல்’ விதியில் வென்றது. 2002 ஜூன் 18, தென்கொரியாவின் தேஜான். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது இடது பக்கமிருந்து உயரமாக ஒரு பந்து வருகிறது. மால்தீனிக்குப் பின்னாலிருந்து ஆன் ஜுங்-ஹ்வான் எழும்புகிறார். ஒரு கணம் முன்னதாக எழும்பிவிட்டார். பந்து தலையில் பட்டு வலைக்குள் போகிறது. 14 ஆண்டு சர்வதேச வாழ்க்கையின் கடைசிக் காட்சி, எதிராளி தன்னைத் தாண்டி எழும்பிய காட்சி. தடுப்பாட்டக்காரர்களுக்கு மட்டும்தான் விடைகொடுக்கும் படம் இவ்வளவு கொடுமையாக அமையும். நான்கு ஆண்டு கழித்து, அவர் இல்லாத இத்தாலி உலகக் கோப்பையை வென்றது.

மிலானில் அந்தக் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. 2003 மே 28, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு. யுவென்டஸுக்கு எதிரான இறுதியாட்டம் கோலின்றி முடிந்து, பெனால்டியில் மிலான் வென்றது. ஆட்ட நாயகன் மால்தீனி. கோல் இல்லாத இறுதியாட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஆட்ட நாயகன் ஆனது எவ்வளவு பொருத்தம்! அப்பா கோப்பையை ஏந்தி சரியாக 40 ஆண்டுகள். அதுவும் இங்கிலாந்து மண்தான். பக்கத்தில் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தா நின்றார். மால்தீனி இப்போது நிரந்தரமாக நடுப் பின்களத்துக்கு வந்திருந்தார். வேகம் குறையக் குறைய ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, கால் செய்த வேலையைக் கண்ணால் செய்யக் கற்றுக்கொண்டார். 2007இல் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று கோப்பையை உயர்த்தியபோது 39 வயதுக்கு ஒரு மாதம் குறைவு. மொத்தம் எட்டு இறுதியாட்டங்கள், ஐந்து வெற்றி.

அந்த எட்டில் ஒன்றுதான் இந்த ஆய்வின் முடிச்சு.

இஸ்தான்புல், அதன் பிறகு

2005 மே 25. இஸ்தான்புல், லிவர்பூலுக்கு எதிரான இறுதியாட்டம். முதல் நிமிடம் முடிவதற்குள் சக ஆட்டக்காரர் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக்கை வலதுகாலால் தரைக்கு விடாமல் அடித்து மால்தீனி கோலாக்கினார். கோல் அடிப்பது அவர் தொழில் அல்ல. ஆனாலும் ஐரோப்பிய இறுதியாட்டம் ஒன்றின் மிக விரைவான கோல்களில் ஒன்று அவருடையது. இடைவேளையில் 3–0. அதன்பின் ஆறே நிமிடத்தில் மூன்று கோல் வாங்கி, பெனால்டியில் தோற்றது மிலான். 

உடைந்துபோய்த் திரும்பிய அணியை விமான நிலையத்தில் ரசிகர் குழுக்களைச் சேர்ந்த சிலர் எதிர்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற தொனியில் பேச்சு நடந்தது. கேப்டன் கடுமையாகத் திருப்பிப் பேசினார். நான்கு ஆண்டு கழித்து விரிந்த பதாகையில் இருந்த வசைச் சொற்கள், அவர் அப்போது சொன்னதாக அந்தக் குழுக்கள் மனத்தில் வைத்திருந்தவை.

இதைப் புரிந்துகொள்ள, இத்தாலியின் வளைவு மேடை எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். அங்கே இருப்பவர்கள் வெறும் டிக்கெட் வாங்கிய பார்வையாளர்கள் அல்லர். தலைவர்கள், முரசு, பிரம்மாண்டமான துணி ஓவியங்கள், எந்தப் பாட்டை எப்போது பாடுவது என்ற கட்டுப்பாடு எல்லாம் உண்டு. வெளியூருக்கு அணி போகும் இடமெல்லாம் போவார்கள். சாதாரண ரசிகன் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் மழை இரவில் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த உழைப்புக்கு விலையும் எதிர்பார்க்கப்படுகிறது. தோற்றால் ஆட்டக்காரர்கள் மேடைக்குக் கீழே வந்து தலைகுனிந்து நிற்க வேண்டும். குழுத் தலைவர்களோடு இணக்கமாக இருக்க வேண்டும். பலர் அப்படி இருந்தார்கள்; அதில் வாழ்க்கை எளிது. மால்தீனி இருக்கவில்லை. தன் கடமை களத்தில் ஆடுவது, அதற்கு மேல் யாருக்கும் தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நின்றார்.

என் முடிவு இதுதான். அன்று விசில் அடித்தவர்களுக்கு அவர் ஆட்டத்தின் மேல் குறை இல்லை. எல்லையற்ற சாம்பியன் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். குறை, அவர் தங்களுக்குக் கடன்பட்டவராக நடந்துகொள்ளவில்லை என்பது. ‘உன்னைச் செல்வந்தனாக்கியவர்கள்’ என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. ரசிகர் தரும் புகழ் கொடையா, கடனா என்ற கேள்வியில் அவர்கள் கடன் என்றார்கள். அவர் வட்டி கட்ட மறுத்தார். புகழை இப்படிப் பார்ப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 25 ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்தக் கணக்கில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தாக்குதல் ஆட்டக்காரராக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? கோல் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த மேடையை நோக்கித்தான் ஓடுகிறார்; கையை விரிக்கிறார், சட்டையை முத்தமிடுகிறார். ரசிகனுக்கும் அவருக்கும் நேருக்கு நேர் நூறு சந்திப்புகள் நடந்துவிடுகின்றன. தடுப்பாட்டக்காரருக்கு அந்தச் சந்திப்பு இல்லை. அவர் நன்றாக ஆடிய கணங்களில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த தாக்குதலைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள். அவர் மேல் வளர்வது மெதுவாகச் சேரும் நம்பிக்கை. பரேசியும் தடுப்பாட்டக்காரர்தானே, அவரைக் கொண்டாடினார்களே என்று கேட்கலாம். பரேசி அணி இரண்டாம் பிரிவில் கிடந்தபோதும் கூட இருந்தவர். அந்த வறுமைக் காலத்தை அவரோடு பகிர்ந்துகொண்ட நினைவு மேடைக்கு இருந்தது. ஆனால் அவருடைய சட்டையை இன்னொருவரை அவமதிக்கும் ஆயுதமாக்கியது இருவருக்குமே செய்த அநீதி.

அன்று மால்தீனியை அதைவிட வருத்தியது கிளப்பின் மௌனம் என்பது அவர் பின்னர் பேசியதிலிருந்து தெரிந்தது. கூட்டத்தின் ஒரு பகுதி விசில் அடிக்கலாம்; வீட்டின் பெரியவர்கள் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, மே 31. ஃபுளோரன்ஸ் நகரில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டம். மிலான் 2–0 என்று வென்றது. கார்லோ அன்செலோத்தி மிலானின் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆட்டமும் அதுதான். தங்கள் அணி தோற்ற அந்த மாலையில், ஊதா நிறச் சட்டை அணிந்த ஃபுளோரன்ஸ் ரசிகர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். அவர்களுக்கு அவர் ஒரு கோப்பையும் வென்று தந்ததில்லை. கால் நூற்றாண்டாக அவர்களுடைய முன்கள வீரர்களின் வழியை மறித்தவர் அவர். ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய தூய்மையான கைதட்டல் அதுதான் என்பேன். தடுக்கப்பட்டவர்களின் கைதட்டல்.

பிரேசிலின் ரொனால்டோ, தான் எதிர்கொண்டவர்களில் கடினமானவர் மால்தீனி என்று சொல்லியிருப்பதும் இதே வகைதான். இந்தத் தொழிலில் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் மிலானில் எந்தப் பொறுப்பிலும் அவர் இல்லை. அழைப்பு இல்லாமல் இல்லை. பெயருக்கு ஒரு நாற்காலியில் உட்கார அவர் ஒப்பவில்லை. 2018இல் புதிய உரிமையாளர்களின் கீழ் திரும்பினார், அடுத்த ஆண்டு தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். ரியல் மாட்ரிட்டில் இடம் கிடைக்காமல் இருந்த தியோ எர்னாண்டஸை நேரில் சந்தித்துப் பேசி அழைத்துவந்தார். அவர் காலத்தில் வந்த ரஃபாயேல் லியாவ், மைக் மென்யான், ஃபிகாயோ தொமோரி ஆகியோர் 2022 மே 22 அன்று 11 ஆண்டுகளுக்குப் பின் மிலானை மீண்டும் லீக் சாம்பியனாக்கினார்கள். ஆட்டக்காரராக ஏழு, இயக்குநராக ஒன்று. ஓராண்டு கழித்து, 2023 ஜூனில், அடுத்து வந்த உரிமையாளரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் வேலையை விட்டு நீக்கப்பட்டார். இந்த முறை மிலான் ரசிகர்களில் பெரும்பாலோர் கொதித்தெழுந்தது கிளப்புக்கு எதிராக.

மூன்றாம் எண் சட்டையை மிலான் நிறுத்தி வைத்திருக்கிறது. அவருடைய மகன்கள் அணியில் ஆடினால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மூத்தவர் கிறிஸ்தியானுக்கு அந்த நிலை வாய்க்கவில்லை. இளையவர் தானியேல் 2020இல் மிலானுக்காக முதல் ஆட்டம் ஆடினார்; ஆனால் அணிந்தது வேறு எண். அவர் தடுப்பாட்டக்காரர் அல்லர், தாக்குபவர்.

2024 அக்டோபர் 14 அன்று இத்தாலி இஸ்ரேலை 4–1 என்று வென்ற ஆட்டத்தில், தானியேல் மால்தீனி மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தேசிய அணிக்கு முதல்முறையாக ஆடினார். தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறை நீலச் சட்டை. ஆட்டம் நடந்த இடம் உதினே. 1985 ஜனவரிக் குளிரில் 16 வயதுப் பாவ்லோ இறங்கிய அதே மைதானம். பார்வையாளர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்.